நீண்ட விடுப்பில் போகும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு: ஆணை வருமுன் பார்க்க வேண்டிய கணக்குகள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிச் சட்டத்தில், 10 ஆண்டு பணி முடித்த பொதுப்பள்ளி ஆசிரியர் உடல்நலத்துக்காகவோ படிப்புக்காகவோ குறைந்தது பாதிச் சம்பளத்தோடு ஒரு கல்வியாண்டு வரை விடுப்பில் போகலாம், திரும்பி வந்து ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அப்படி ஒரே பெயரில் ஒரு விடுப்பு கிடையாது. ஆறு மாதம், ஒரு வருடம் வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டிய நிலை வந்தால் ஈட்டிய விடுப்பு (இ.எல்., பணிசெய்த காலத்துக்கு ஏற்பக் கணக்கில் சேரும் விடுப்பு), சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு (அப்படிச் சேராமல், பணிக்காலத்தைப் பொறுத்து அனுமதிக்கப்படும் விடுப்பு), ஊதியமில்லா விடுப்பு என்று கையில் இருப்பதையெல்லாம் நாமே ஒட்டுப்போட்டுத்தான் ஒரு நீண்ட விடுப்பைச் செய்துகொள்ள வேண்டும். இதைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரைக் கேட்டாலும் "மெடிக்கல் போடுங்க சார், முழுச் சம்பளம் வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. விடுப்பில் இருந்த மாதங்களில் ஓய்வைவிடச் சம்பளப் பட்டியலைப் பற்றிய கவலைதான் அதிகம் இருந்தது. அடுத்து போகிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். கோடை விடுமுறை உள்ள துறை என்பதால் ஆசிரியருக்கு ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாட்கள்தான். சேர்த்து வைக்கக்கூடிய உச்சவரம்பு 240 நாட்கள். ஆண்டுக்கு 15 நாள் சரண் செய்து பணமாக்கி வந்தவருக்கு மிச்சம் 2 நாள்தான் ஏறியிருக்கும். அதனால் 20 ஆண்டு பணி முடித்தும் கணக்கில் நாற்பது, ஐம்பது நாட்கள் மட்டுமே இருப்பவர்கள் நிறையப் பேர். 2020 ஏப்ரலில் சரண் நிறுத்தப்பட்டு, மீண்டும் 2025 அக்டோபர் 1 முதல்தான் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தரை ஆண்டுகளில் விடுப்பு எடுக்காமல் இருந்தவருக்கு 93 நாட்கள் வரை சேர்ந்திருக்கும். இதைக் கவனிக்காமல் "என்னிடம் இ.எல். இல்லை" என்று நினைத்துக்கொண்டு நேராக ஊதியமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்தது சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு. 10 ஆண்டு பணி முடித்தவருக்கு மொத்தப் பணிக்காலத்துக்கும் 180 நாட்கள். இதில் பாதிச் சம்பளம். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு பணிக்காலத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். 20 ஆண்டு முடித்தவருக்கு 540 நாட்கள் வரை உண்டு. இவை எல்லாம் தீர்ந்த பிறகோ, நாமே எழுத்து மூலம் கேட்டாலோ கிடைப்பது ஊதியமில்லா அசாதாரண விடுப்பு. படிப்புக்காகப் போகிறவருக்கு அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதி 84-ன் கீழ் தனியாகப் படிப்பு விடுப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் படிப்பு துறைக்குப் பயன்படும் என்று காட்ட வேண்டும். படிப்பில் சேருவதற்கு முன்பே உயர்கல்விக்கான முன்அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். சேர்ந்துவிட்டுப் பின்னால் அனுமதி கேட்டால் விடுப்பும் சிக்கும், அந்தப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதும் சிக்கும்.

உடம்பு சரியாக இருக்கும்போது மருத்துவ விடுப்பு போடாதீர்கள். முழுச் சம்பளம் வருகிறது என்பதற்காக இதைச் சொல்லிக் கொடுப்பவர், நாளை மருத்துவக் குழுவின் முன் நிற்க வரமாட்டார். நீண்ட மருத்துவ விடுப்பை அனுமதிக்கும் அலுவலர் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். அங்கே நோய் இல்லை என்று எழுதிவிட்டால் அத்தனை நாளும் அனுமதியில்லாத வருகையின்மை ஆகிவிடும்; பின்னாலேயே ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வரும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளையின் சிகிச்சைக்கோ போகிறவர், காரணத்தை உள்ளபடி எழுதிச் சொந்தக் காரணத்துக்கான விடுப்பு கேட்பதுதான் பின்னால் தூக்கம் கெடாத வழி. உண்மையிலேயே நோயென்றால் நிலைமை வேறு. அப்போது தயங்காமல் மருத்துவ விடுப்பு எடுங்கள். சிகிச்சைச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

இனிப் பணக் கணக்கு. அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆறு மாதம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் ஈட்டிய விடுப்பு, 90 நாள் சொந்தக் காரண விடுப்பு, 30 நாள் ஊதியமில்லா விடுப்பு. முதல் பகுதிக்கு 1,20,000, இரண்டாவதற்கு 90,000, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. 3,60,000 வர வேண்டிய இடத்தில் 2,10,000 வரும். அடிப்படை ஊதியத்தில் மட்டுமே ஒன்றரை லட்சம் குறைவு. அகவிலைப்படியும் இதே விகிதத்தில் குறையும். இந்த அளவு எல்லோரும் மனக்கணக்காகப் போட்டுவிடுவார்கள். போடாத கணக்கு ஓய்வு பெறும் நாளில் இருக்கிறது. கணக்கில் மீதமிருக்கும் ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை கடைசிச் சம்பளத்தில் பணமாகக் கிடைக்கும். மீதமிருக்கும் சொந்தக் காரண விடுப்பும் பாதிச் சம்பள வீதத்தில் பணமாகும். மேலே சொன்னவருக்கு ஓய்வுபெற இன்னும் 10 ஆண்டு இருந்தால், ஆண்டுக்கு 3 சதவீத உயர்வில் அவருடைய கடைசி அடிப்படை ஊதியம் 80,000-ஐ ஒட்டி இருக்கும். இன்று எடுக்கும் 60 நாள் இ.எல். அன்றைக்கு 1,60,000 ரூபாய். 90 நாள் சொந்தக் காரண விடுப்பு 1,20,000 ரூபாய். இரண்டுக்கும் அகவிலைப்படி வேறு. அதாவது விடுப்பில் வாங்குவதாக நினைக்கும் சம்பளம், நம் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து நாமே முன்கூட்டி எடுத்துச் செலவழிப்பது. இது புரிந்தபோது எனக்குக் கோபமும் வந்தது, ஒருவிதத் தெளிவும் வந்தது. "விடுப்பில் இருந்துகொண்டு சம்பளம் வாங்குறாங்க" என்று யாராவது பேசினால் கூசிப்போக வேண்டியதில்லை.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. இ.எல். கணக்கு ஏற்கெனவே 240-ஐத் தொட்டுவிட்டவருக்குப் புதிதாக ஏறும் நாட்கள் வீணாகத்தான் போகும். அவர் விடுப்பு எடுத்தால் அந்த இடம் காலியாகி மறுபடி நிரம்பும். அவர் தயங்கவே வேண்டாம், முதலில் இ.எல்.-ஐ எடுக்கட்டும். கணக்கில் குறைவாக இருப்பவர்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டும்.

ஊதியமில்லா விடுப்பின் இழப்பு அந்த மாதச் சம்பளத்தோடு நிற்காது. மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பு, ஆண்டு ஊதிய உயர்வுக்கான பணிக்காலத்தில் சேராது. நமக்கு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில்தான் வரும் என்பதால், தள்ளிப்போனால் ஒரு காலாண்டே தள்ளிப்போகும். 60,000 அடிப்படைக்கு 3 சதவீதம் 1,800 ரூபாய். மூன்று மாதத்துக்கு 5,400, அகவிலைப்படி தனி. ஒருமுறைதானே என்று தோன்றும். ஊதிய உயர்வுத் தேதியே மாறிவிட்டதால் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், ஓய்வு பெறும் வரை அந்த மூன்று மாதம் பின்தங்கியே வரும். ஒரே பதவியில் நீண்ட காலம் இருப்பவருக்குக் கிடைக்கும் உயர் ஊதிய நிலைகளான தேர்வுநிலைக்கான 10 ஆண்டு, சிறப்புநிலைக்கான 20 ஆண்டுக் கணக்கும் இதே போலத் தள்ளும். ஊதியமில்லா விடுப்பின் கடைசிச் சில நாட்களால் மட்டும் நம் ஊதிய உயர்வு அடுத்த காலாண்டுக்குள் போய் விழ வாய்ப்பிருக்கிறது. அதனால் தேதிகளை முடிவு செய்யுமுன் எழுத்தரோடு உட்கார்ந்து, "இத்தனை நாள் எடுத்தால் என் அடுத்த உயர்வு எந்தத் தேதி?" என்று கேட்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நாலு நாள் குறைத்தால் ஒரு காலாண்டு மிஞ்சும் என்றால் அந்த நாலு நாளை இ.எல்.-லில் போடலாம்.

பிடித்தங்களைப் பற்றி யாருமே நினைப்பதில்லை. என்னை அதிகம் வாட்டியது இதுதான். முழுச் சம்பளத்தில் தெரியாமல் போய்க்கொண்டிருந்த கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் தவணை, சேமநல நிதி முன்பணம், வங்கிக் கடன், காப்பீட்டுச் சந்தா எல்லாம் பாதிச் சம்பளத்திலும் குறையாமல் அப்படியே இருக்கும். ஊதியமில்லா மாதத்தில் பிடிக்கவே எதுவும் இருக்காது. சங்கத்தில் தவணை தவறினால் அபராத வட்டி ஏறும். அதோடு நமக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட சக ஆசிரியருக்குக் கடிதம் போகும். நம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறவர், நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவர், அவரிடமிருந்து "என்னங்க, எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு" என்று போன் வந்தால் எப்படி இருக்கும்? விடுப்புக்கு முன்பே சங்கச் செயலாளரைப் பார்த்து, எந்தெந்த மாதம் நேரில் கட்டப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கட்டிய ரசீதை வைத்திருங்கள். மருத்துவக் காப்பீடு, குடும்பநல நிதி போன்றவற்றின் விட்டுப்போன சந்தா பின்னால் மொத்தமாகப் பிடிக்கப்படும், திரும்பிய முதல் மாதச் சம்பளம் அதனாலேயே குறைவாக வரும். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் இல்லாத மாதத்தில் 10 சதவீத ஓய்வூதியப் பங்களிப்பும் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவ்வளவும் கணக்குப் போட்ட பிறகு பணிப்பதிவேட்டுக்கு (எஸ்.ஆர்.) வாருங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் எஸ்.ஆர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கும்; உயர்நிலை, மேல்நிலை என்றால் தலைமையாசிரியரிடம். அதில் விடுப்புக் கணக்குப் பக்கத்தை நேரில் பார்க்காமல் விண்ணப்பம் எழுதாதீர்கள். மாறுதலில் வந்தவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். பழைய பள்ளியில் எடுத்த விடுப்பு பதிவாகியிருக்கும், அந்த ஆண்டுக்கு ஏற வேண்டிய இ.எல். பதிவாகியிருக்காது. சரண் ஆணை இருக்கும், கழித்த பதிவு இருக்காது. அது பின்னால் தணிக்கையில் வந்து வசூலில் முடியும். அரசு ஊழியரின் சம்பளமும் பணி விவரங்களும் பதிவாகும் 'களஞ்சியம்' இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னணுக் கணக்கும் காகிதக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று ஆண்டுவாரியாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய மனு கொடுங்கள். அது முடியாமல் விடுப்பு விண்ணப்பம் போனால் "கணக்கு சரிபார்த்து அனுப்புக" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும், அதற்குள் நாம் போக வேண்டிய தேதி கடந்துவிடும். விடுப்புக் கணக்குப் பக்கங்களைக் கேட்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி தேர்வு செய்வதில் பள்ளி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக் காலத்தில் விடுப்பு கேட்டால் கிடைப்பது அரிது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதி 67 சொல்கிறது, அந்த மாதங்களில் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கோடை விடுமுறையின் இருபுறமும் விடுப்பில் இருந்தால் நடுவில் உள்ள விடுமுறையும் விடுப்புக் கணக்கில் விழும். ஊதியமில்லா விடுப்பு என்றால் மே மாதச் சம்பளமும் போய்விடும். ஏப்ரல் கடைசி வேலைநாளில் பள்ளியில் இருந்து, பள்ளி திறக்கும் நாளில் வந்து கையெழுத்திட்டு, மறுநாள் முதல் விடுப்பில் போவதுதான் எந்த அலுவலகத்திலும் கேள்வி வராத முறை. திரும்பும்போதும் ஏப்ரல் கடைசி வேலைநாளுக்குச் சில நாள் முன்னதாகவே பணியேற்றுவிடுங்கள். தற்செயல் விடுப்பை இந்த விடுப்புகளோடு சேர்க்க முடியாது. "முதல் இரண்டு நாள் சி.எல்., அப்புறம் இ.எல்." என்று எழுதினால் விண்ணப்பம் அப்படியே திரும்பும்.

விண்ணப்பத்தைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். களஞ்சியத்தில் பதிவு செய்வதோடு, கையொப்பமிட்ட விண்ணப்பத்தை முறையான வழியில் அனுப்பி, தபால் பதிவேட்டு எண்ணும் தேதியும் போட்ட நகலை வாங்கி வையுங்கள். எந்த வகை விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முன்னும் பின்னும் சேரும் அரசு விடுமுறைகள் எவை, விடுப்புக்கால முகவரி எது என்பதைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். மொத்தமாக "ஆறு மாதம் விடுப்பு" என்று எழுதினால் பிரித்துப் போடும் வேலை எழுத்தருடையதாகிவிடும், அவர் எப்படிப் பிரிப்பார் என்பது நம் கையில் இல்லை. ஆணை கைக்கு வருமுன் போய்விடாதீர்கள். "போங்க, ஆணை பின்னால வரும்" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள், நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். மாதாந்திரச் சம்பளப் பட்டியல் தயாராகும் நேரத்தில் ஆணை இல்லையென்றால், முழுச் சம்பளம் போட்டால் பின்னால் வசூல், போடாவிட்டால் கேள்வியில்லை என்ற நிலையில் எந்த அலுவலரும் சம்பளத்தை நிறுத்தித்தான் வைப்பார். எனக்கு அப்படித்தான் நின்றது. வர வேண்டிய பணம் நிலுவைப் பட்டியலில் பின்னால் வந்தது, ஆனால் வீட்டு வாடகையும் சங்கத் தவணையும் அதுவரை காத்திருக்கவில்லை. குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொறுப்பு ஒப்படைப்பு இன்னொரு பெரிய வேலை. ஆய்வகம், நூலகம், விளையாட்டுப் பொருள், விலையில்லாப் பாடநூல் என்று எது நம் பெயரில் இருந்தாலும் இருப்புப் பதிவேட்டைப் பொருளோடு ஒப்பிட்டு, வாங்குபவர், கொடுப்பவர், தலைமையாசிரியர் என மூன்று கையெழுத்தோடு பட்டியல் போடுங்கள். சாவிகளின் எண்ணிக்கையைக்கூட எழுதுங்கள். வகுப்பாசிரியர் என்ற முறையில் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் தகவல் தளத்தில் நம் பெயரில் உள்ள வகுப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் விடுப்பில் இருக்கும்போதும் "வருகைப் பதிவு போடவில்லை" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழு வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் இருந்தால் தீர்மானம் போட்டு மாற்ற வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியில் இருப்பவர் பள்ளியில் விடுப்பு வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது; வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக மனு கொடுத்து அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு வாங்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு துறை, நம் விடுப்பு ஆணை அங்கே தானாகப் போகாது.

மனதுக்குக் கஷ்டமான பகுதி பிள்ளைகள். நாம் போனால் பெரும்பாலும் மாற்று ஆசிரியர் வரமாட்டார், இருக்கிறவர்கள் தலையில்தான் அந்தப் பாடவேளைகள் விழும். அந்தக் குற்ற உணர்வில்தான் பலர் விடுப்பு கேட்காமலேயே நோயாளியாகிறார்கள். விடுப்புக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் பேசி, தற்காலிகமாக ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று தலைமையாசிரியரோடு சேர்ந்து முயன்று பாருங்கள். முடியாவிட்டாலும் எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு எதில் தடுமாற்றம் என்று நாலைந்து பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாடவேளையை ஏற்றுக்கொள்பவருக்கு அது பெரிய உதவி.

விடுப்பில் இருக்கும்போது டியூஷன், தனியார் பள்ளி, பகுதிநேர வேலை எதற்கும் போகாதீர்கள். நடத்தை விதிகளின்படி அனுமதியில்லாமல் ஊதியத்துக்கு வேறு வேலை செய்யக் கூடாது, விடுப்பிலும் நாம் அரசு ஊழியர்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போவதானால் விடுப்பு ஆணை போதாது, அந்தப் பயணத்துக்கான முன்அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். விடுப்பை நீட்டிக்க நேர்ந்தால் இருக்கும் விடுப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடிந்த மறுநாள் கொடுத்தால் இடையில் விழும் அந்த ஒரு நாளுக்காக விளக்கம் எழுத வேண்டி வரும்.

திரும்பி வரும் நாளில் முற்பகலிலேயே பணியேற்பு அறிக்கை கொடுங்கள். மருத்துவ விடுப்பு என்றால் உடற்தகுதிச் சான்று இல்லாமல் கையெழுத்துப் போட விடமாட்டார்கள், அதை முந்தைய நாளே வாங்கி வையுங்கள். எமிஸில் வருகை திறக்கப்பட்டிருக்கிறதா, களஞ்சியத்தில் நம் நிலை விடுப்பிலிருந்து பணிக்கு மாறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். அந்த மாதச் சம்பளம் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. பிறகு எஸ்.ஆரில் விடுப்பு ஆணை எண், தேதி, வகைவாரியான நாட்கள், கழித்தபின் மீதி ஆகியவை பதிவாகி அலுவலர் கையொப்பம் விழும் வரை விடாமல் கேளுங்கள். பதிவில் ஊதியமில்லா விடுப்பு "மருத்துவச் சான்றுடன்" எடுத்ததா "மருத்துவச் சான்றின்றி" எடுத்ததா என்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஊதிய உயர்வுத் தேதி அந்தச் சொல்லை வைத்துத்தான் போடப்படும். அடுத்த உயர்வு வரும் காலாண்டின் சம்பளச் சீட்டை, விடுப்புக்கு முன் எழுத்தரோடு போட்ட காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே மனு கொடுத்துவிடுங்கள்.